சந்தியில் தொங்கிய படம்

கொழும்பு
21.09.2023

முஸ்பிரா மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான்கு நாட்களாக உங்கள் போனுக்கு எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இல்லையாக்கும் என்று முதலில் நினைத்தேன். என் நம்பரை நீங்கள் தடுத்து வைத்திருப்பது பிறகுதான் விளங்கியது. கட்டாரில் இருக்கும் உங்கள் கணவருக்கே, என் நானாவுக்கே, எடுத்துச் சொன்னேன். "அது நீங்க ரெண்டு பேரும் பேசித் தீர்க்க வேண்டியது, என்னை இழுக்காதீங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார். அதனால்தான் கடிதம்.

நீங்கள் குப்பை எரிக்கிற அந்தப் படத்தை எடுத்தது நான்தான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த நாள் பின்னேரம், உங்கள் பின்வளவில். கடற்கரைத் துப்புரவு நாளுக்கு உள்ளூர்ப் படங்கள் வேண்டும் என்று எங்கள் அமைப்பில் கேட்டார்கள். போனில் இருந்ததையெல்லாம் அனுப்பினேன். முகத்தை மறைக்கச் சொல்லியிருந்தேன்; அச்சடித்தவர்கள் மறைக்கவில்லை. பெனர் சந்தியில் ஏறிய பிறகுதான் நானும் கண்டேன். உடனே கழற்றச் சொல்லியிருக்கலாம். சுற்றிவரப் பெரிய ஆட்கள் நின்றார்கள், வாய் வரவில்லை. அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும். படத்தில் இருப்பது பொய் இல்லையே மதினி. நீங்கள் ஒவ்வொரு நாளும் பின்னேரம் எரிக்கிறீர்கள். பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த புகை உங்கள் மகள் நுஹாவின் நெஞ்சுக்கு எவ்வளவு கூடாது என்று பெருநாளன்றே உங்களுக்குச் சொன்னேன். தலையாட்டினீர்கள். அடுத்த நாளும் தீப்பெட்டியோடு பின்னுக்குப் போனீர்கள்.

பதினாறாம் திகதி துப்புரவுக்கு நூற்று நாற்பது பிள்ளைகள் வந்தார்கள். கரையிலிருந்து அறுபத்து மூன்று பை குப்பை எடுத்தோம், கண்டல் கன்றுகளும் நட்டோம். நீங்கள் வரவில்லை. நுஹா பச்சை ரீசேட் போட்டு வந்திருந்தாள். பெனரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மாமி, இது எங்கட உம்மாவா?" என்று கேட்டாள். "இல்ல மகள், இது வேற ஆள்" என்றேன். அவள் நம்பவில்லை என்று தெரியும். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

வாப்பா எப்படி இருக்கிறார்? பதில் போடுங்கோ.

நுஸ்ரியா


மன்னார்
27.09.2023

நுஸ்ரியாவுக்கு,

சலாமுக்குப் பதில் சொல்வது கடமை. வஅலைக்குமுஸ்ஸலாம்.

மன்னிப்பை ஒரு வரியில் கேட்டுவிட்டு மிச்சமெல்லாம் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறீர்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் எது மன்னிப்பு, எது புத்தி சொல்வது என்று பிரித்தறியத் தெரியும்.

பெனர் இன்னும் சந்தியில்தான் தொங்குகிறது. பாண் வாங்கப் போனால் என் தலைக்கு மேலே நானே நிற்கிறேன், கையில் கம்போடு. கீழே கொட்டை எழுத்து: "நாம் எரிப்பது குப்பையை அல்ல, நம் பிள்ளைகளின் மூச்சை." நல்ல வசனம். நுஹாவை வகுப்பில் "குப்பைக்காரிட மகள்" என்கிறார்களாம். மூன்று நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. "உம்மா, அது நீங்களா?" என்று என்னிடமும் கேட்டாள். "ஓம், நான்தான்" என்று சொன்னேன்.

எரிக்காமல் என்ன செய்வது என்று கொழும்பில் இருந்து சொல்லுங்கள். குப்பை எடுக்கிற டிரக்டர் செவ்வாயும் வெள்ளியும் பெரிய றோட்டால் போகிறது. எங்கள் ஒழுங்கைக்குள் வராது, மணலில் சில்லுப் புதையும். மண்ணில் தாட்டுப் பார்த்தேன். நாலு முழம் தோண்டத் தண்ணீர் வருகிற மண் இது. அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் அள்ளிக் குளிக்கிறோம். வேலியோரம் வைத்தால் கழுதைகள் வந்து பையோடு தின்கின்றன. போன மாசி மாதம் ஒரு கழுதை வயிறு ஊதி எங்கள் வாசல் படலைக்கு நேரே விழுந்து செத்தது. அதன் படத்தையும் எடுத்துப் போட்டிருக்கலாம்.

பொலித்தீனைச் சேர்த்து றோட்டுக்குக் கொண்டுபோகத் தெரியாத சோம்பேறி இல்லை நான். றோட்டில் வைக்க முடியாத சாமானும் என் வீட்டில் இருக்கிறது. என்னவென்று கேட்க வேண்டாம்.

உங்கள் அறுபத்து மூன்று பைகளும் கரையில் மீனுக்கு ஐஸ் உடைக்கிற பழைய மடுவத்துக்குப் பக்கத்தில் அப்படியே கிடக்கின்றன. பதினொரு நாள். காகம் கொத்திப் பாதி வெளியே வந்துவிட்டது. லொறி எப்போது வரும்?

மாமா சுகமாக இருக்கிறார்.

முஸ்பிரா


கொழும்பு
03.10.2023

அன்புள்ள மதினி,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே நிப்ராஸிடம் சொல்லிப் பெனரைக் கழற்றுவித்தேன். அவர்தான் எங்கள் அமைப்புக்கு மன்னாரில் வெளிவேலை பார்ப்பவர். நுஹாவின் வகுப்பு ரீச்சரோடும் பேசினேன். இதையெல்லாம் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

பைகளை எடுக்க லொறி பேசித்தான் இருந்தோம். அது வேறு வேலைக்குப் போய்விட்டது. வேறொன்று பார்க்கிறோம். எட்டாம் திகதி வெளிநாட்டிலிருந்து உதவி செய்பவர்கள் கரையைப் பார்க்க வருகிறார்கள், அதற்கு முன்னர் எப்படியும் எடுத்துவிடுவோம்.

றோட்டில் வைக்க முடியாத சாமான் என்று எழுதியிருந்தீர்கள். கேட்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தீர்கள். கேட்காமல் இருக்க முடியவில்லை. என்ன சாமான் அது? மீன் கழிவா? நாப்கினா? அதற்கெல்லாம் வழி இருக்கிறது. மூடியோடு இரண்டு வாளி அனுப்பியிருந்தேனே, ஒன்றில் அரிசி போட்டு வைத்திருப்பதைப் பெருநாளுக்கு வந்தபோது கண்டேன்.

கடுமையாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். இந்த வருஷம் நுஹா இரண்டு தரம் மூச்சு இழுப்போடு வார்ட்டில் இருந்தாள் என்று நானாதான் சொன்னார். புகைக்குக் கிட்ட விடவேண்டாம் என்று டொக்டர் சொன்னதும் எனக்குத் தெரியும். தெரியாத தாய் எரித்தால் தெரியப்படுத்தலாம். தெரிந்துகொண்டே எரிக்கிற தாயை என்ன சொல்வது? கஷ்டத்தால் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. தீக்குச்சி கிழிப்பது லேசு, அதுதான் காரணம் என்று படுகிறது.

இதை யாராவது உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

நுஸ்ரியா


மன்னார்
10.10.2023

நுஸ்ரியாவுக்கு,

ஆஸ்பத்திரியில் நுஹாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், கதிரையில் இருந்து எழுதுகிறேன். பயப்பட வேண்டாம், இப்போது மூச்சு வருகிறது. நாளைக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு விடுவார்கள்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு உங்கள் பைகளுக்கு யாரோ நெருப்பு வைத்தார்கள். அறுபத்து மூன்றுக்கும். சோளகக் காற்று இன்னும் விழவில்லை. கரையில் இருந்த புகை முழுவதும் ஒழுங்கைக்குள் ஏறி வந்தது. போத்தல், வலைத்துண்டு, ரெஜிஃபோம் பெட்டி, எல்லாம் எரிகிற கறுத்த புகை. கதவு யன்னலெல்லாம் அடைத்தேன். ஈரத் துணி வைத்தேன். அரை மணித்தியாலத்தில் பிள்ளையின் உதடு நீலமாகிவிட்டது. பக்கத்து வீட்டு அருளம்மா ஓடிவந்து மாமாவோடு இருக்க, நான் நுஹாவைத் தூக்கிக்கொண்டு ஓட்டோ பிடித்தேன். வழியெல்லாம் "மூச்சு எடு மகள், எடு மகள்" என்று கத்தியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

வார்ட்டில் ஒரு நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கதானே அந்தப் படத்தில இருந்தது? இனியாவது எரிக்காம இருங்கோ" என்றா. நான் நுஹாவின் போர்வையை இழுத்துவிட்டேன்.

உங்களுக்கு இப்போது சொல்லுகிறேன். என் வீட்டில் நான் எரிப்பது உங்கள் வாப்பாவின் பம்பர்ஸ்.

போன வருஷம் பக்கவாதம் வந்து எழும்பிய பிறகு அவருக்குக் கட்டுப்பாடு இல்லை. சிறுநீரும் மற்றதும். கட்டாரில் இருக்கிற உங்கள் நானாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அருளம்மா ஊகித்திருப்பா. வேறொருவருக்கும் தெரியாது. முதல் நாள் நான் கழுவியபோது மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். மருமகளின் கையால் இதைச் செய்ய வேண்டி வந்ததே என்று. பிறகு என் கையைப் பிடித்தார்.

"இதை ஒருத்தரும் காணக்கூடாது மகள். நுஸ்ரியா அறியவே கூடாது. அல்லாஹ் மேல சத்தியமாச் சொல்லு."

சொன்னேன். ஏழு தோணிக்குச் சொந்தக்காரச் சம்மாட்டியாக இருந்த மனிசன். உடுத்த சாரத்தில் மடிப்புக் குலைந்தால் படலை தாண்டமாட்டார். அவருடைய பம்பர்ஸை நான் றோட்டில் கொண்டுபோய் வைத்தால், கழுதை இழுத்துச் சந்தியில் போடும். அதனால் எரித்தேன். நுஹாவை அருளம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் ஒவ்வொரு நாளும் எரித்தேன். அது போதாது என்று எனக்கும் தெரியும். திரும்பி வந்து இருமுவாள். நெருப்பை அணைத்துவிட்டு நானும் அழுவேன். ஒரு பக்கம் பிள்ளையின் மூச்சு, ஒரு பக்கம் மாமாவின் மானம். நீங்கள் லேசு என்று எழுதியது இதைத்தான்.

சந்தியில் நீங்கள் தொங்கவிட்ட படத்தில் எரிந்துகொண்டிருந்ததும் அதுதான்.

நான் சத்தியத்தை உடைத்துவிட்டேன். அந்தப் பாவம் என்னோடு போகட்டும். உங்களுக்குத் தெரியும் என்பது மாமாவுக்குத் தெரியவந்தால், அதன் பிறகு உங்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

முஸ்பிரா


கொழும்பு
14.10.2023

மதினி,

இதை நாலு தரம் எழுதிக் கிழித்தேன்.

பைகளுக்கு நெருப்பு வைத்தது நிப்ராஸ். வைக்கச் செய்தது நான்.

ஐந்தாம் திகதி அவர் போன் எடுத்தார். "மிஸ், ஒரு லொறியும் வருகுதில்ல. ஞாயிற்றுக்கிழமை ஆக்கள் வாறாங்க. என்ன செய்ய?" என்று கேட்டார். "அவங்க வாறதுக்குள்ள அந்த இடம் துப்புரவா இருக்கணும்" என்றேன். பிறகு, "எரிக்கட்டுமா?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதை நான் கேட்கேல்ல நிப்ராஸ். எப்படிச் செய்தீங்க என்று எனக்குச் சொல்ல வேண்டாம்." அப்படிச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்தபோது மனதுக்குள் ஒரு சின்ன நிம்மதிகூட வந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் மன்னாருக்கு வந்திருந்தேன். வீட்டுக்கு வரத் தைரியம் இல்லாமல் கரையோடு திரும்பினேன். கருகிய இடத்தில் மணல் போட்டு மூடியிருந்தார்கள். வந்தவர்கள் கரையைப் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டு படத்துக்கு நின்றேன். அந்த நேரம் நுஹா ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள்.

நிப்ராஸை யாரும் கோபிக்கக்கூடாது. நடந்ததை எங்கள் பணிப்பாளருக்கு எழுதிக் கொடுத்தேன். "இதை எங்களுக்குள்ள வச்சுக்கொள்ளுவோம்" என்றார். அதே கடிதத்தை அன்றைக்கே வெளிநாட்டுக்காரருக்கும் அனுப்பிவிட்டேன். இனி என்ன நடக்கும் என்று தெரியவில்லை.

வாப்பாவைப் பற்றி எழுதியதைப் பலதரம் வாசித்தேன். பெருநாளுக்கு இரண்டு நாள் அந்த வீட்டில் இருந்தேன். பின்வளவுப் பக்கம் போனால், "வெயிலுக்குள்ள நிற்காத, உள்ளுக்குப் போ" என்று என்னை அடிக்கடி துரத்தினார். பாசம் என்று நினைத்தேன்.

வருகிற வெள்ளிக்கிழமை வருகிறேன். அவருடைய வேலையை நான் செய்கிறேன். நான் மகள், அது என் கடமை. தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

நுஸ்ரியா


மன்னார்
17.10.2023

நுஸ்ரியா,

இதைக் கொழும்பு பஸ்ஸில் போகிற ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். தபால் சுணங்கும்.

வர வேண்டாம்.

நேற்று மாமாவின் பழைய கூட்டாளி ஜுனைட் ஹாஜியார் அவரைப் பார்க்க வந்தார். கதையோடு கதையாக, "உங்கட மருமகள்ட படத்தைச் சந்தியில தொங்கவிட்டது சரியில்ல சனூன். நானும் சண்டை பிடிச்சனான்" என்று சொல்லிவிட்டார். மாமாவுக்கு அதுவரை பெனரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஹாஜியார் போனதும், "அந்தப் படத்தைக் காட்டு" என்றார். இல்லை என்றேன். "உன்ட போன்ல இருக்கும், காட்டு." காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். நெருப்புக்குள் வெள்ளையாகச் சுருண்டு கிடந்ததை விரலால் தொட்டார்.

"எடுத்தது யார்?"

நான் போனைத் திரும்ப வாங்கப் போனேன். அவருக்கு விளங்கிவிட்டது.

நேற்றிலிருந்து ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை. என்னையும் கிட்ட விடுகிறார் இல்லை. காலையில் பலவந்தமாகத்தான் மாற்றினேன். இந்த நேரத்தில் நீங்கள் வந்து நின்றால் அவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியாது. பிறகு பார்ப்போம்.

நீங்கள் நிப்ராஸிடம் சொன்னதை வாசித்தேன். அதற்கு இப்போது பதில் எழுத மாட்டேன். எழுதினால் எழுதக்கூடாததையெல்லாம் எழுதிவிடுவேன்.

முஸ்பிரா


கொழும்பு
26.10.2023

மதினி,

வர வேண்டாம் என்று எழுதியும் வந்தேன். படலையில் என்னைக் கண்டதும் உங்கள் முகம் மாறியதைப் பார்த்தேன். ஆனாலும் உள்ளே விட்டீர்கள், சாப்பாடு தந்தீர்கள். கறியைக் கிட்ட வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டீர்கள். அது சரிதான்.

வாப்பா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டு நாள் அறை வாசலில் இருந்தேன். சனிக்கிழமை காலையில் நான் வெந்நீர்ச் சட்டியோடு உள்ளே வந்தபோது, என்னிடம் சொல்லாமல் உங்களிடம் சொன்னாரே: "முஸ்பிரா, இவவை வெளியில போகச் சொல்லு." அந்தக் குரலைப் பஸ்ஸிலும் கேட்டுக்கொண்டே வந்தேன்.

ஆனால் வெளியே போகும்போது கதவைச் சரியாகச் சாத்தவில்லை. நீங்கள் செய்ததைக் கொஞ்சம் பார்த்தேன். அவரைப் புரட்டுவதற்கு முன் பிஸ்மி சொன்னீர்கள். உடம்பில் ஒரு இடம் தெரியாமல் துணி போட்டு மூடிக்கொண்டே கழுவினீர்கள். நடுவில் நுஹாவின் கணக்குக் கொப்பியைப் பற்றி அவரிடம் ஏதோ கேட்டீர்கள், அவரும் பதில் சொன்னார். நானாக இருந்தால் அழுதுகொண்டு செய்திருப்பேன், அவரையும் அழவைத்திருப்பேன். கடமை என்று எழுதினேனே, எனக்கு அந்த வேலை தெரியாது மதினி.

விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று கந்தோரில் சொல்லிவிட்டார்கள். வீட்டில்தான் இருக்கிறேன். நட்ட கண்டல் கன்றுகளை வருகிற வழியில் போய்ப் பார்த்தேன். ஐந்தாறு மட்டும் நிற்கின்றன. மற்றதெல்லாம் ஆடு மேய்ந்துவிட்டது.

நான் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். புத்தி சொல்ல இனி என்னிடம் ஒன்றும் இல்லை.

நுஸ்ரியா


மன்னார்
05.11.2023

நுஸ்ரியாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நீங்கள் இந்த முறையும் சலாம் எழுதவில்லை. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

நீங்கள் போன பிறகும் மாமா ஒரு கிழமை சரியாகப் பேசவில்லை. கஞ்சி மட்டும் குடித்தார். நானும் எரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு கை போகவில்லை. கறுத்த பைகளில் இறுக்கிக் கட்டிக் குளியலறைக்குப் பின்னால் தகரப் பீப்பாவில் சேர்த்து வைத்தேன். நாற்றம் ஏற ஏற இனி என்ன செய்வது என்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை விடிய நெருப்புப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பீப்பாவுக்கு முன்னால் நின்றேன். மாமா யன்னலால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எரிக்கப் போறியா?"

"வேற என்ன செய்யுறது மாமா? பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் எரிக்கிறன்."

"இன்டைக்குச் செவ்வாயெல்லோ? டிரக்டர் வருமே?"

"வரும்."

"அப்ப றோட்டுக்குக் கொண்டுபோ."

பீப்பா மூடியைப் பிடித்துக்கொண்டு, "ஆக்கள் பாப்பாங்க மாமா" என்றேன்.

"பாக்கட்டும். நானா றோட்டுக்குப் போறன்? அது போகுது." பிறகு சொன்னார்: "என்ட மானத்தைக் காப்பாத்த அந்தப் பிள்ளை மூச்சில்லாமக் கிடந்திச்சு. நான் அதைத் தெரியாத மாதிரிப் படுத்திருந்தன். அதை விடவா இது வெக்கம்?"

இரண்டு கையிலும் இரண்டு பை. ஒழுங்கையில் இருந்து பெரிய றோட்டுக்கு இருநூறு யார் தூரம் இருக்கும். அன்றைக்கு இரண்டு மைல் மாதிரி இருந்தது. மணலில் கால் புதைகிறது, பை காலில் தட்டுகிறது. கடை வாசலில் ஜுனைட் ஹாஜியாரும் இன்னும் நாலு பேரும் நின்றார்கள். எல்லாரும் பார்த்தார்கள். ஹாஜியாருக்கு என்ன விளங்கியதோ, மற்றவர்களைப் பார்த்து, "வழியை விடுங்கோ" என்றார். வேறு ஒன்றும் இல்லை. டிரக்டரில் நின்ற பெடியன் பைகளை வாங்கி உள்ளே எறிந்தான். என்னவென்று திரும்பியும் பார்க்கவில்லை. இவ்வளவுதானா என்று அங்கேயே நின்றேன்.

வெள்ளிக்கிழமை மழை, டிரக்டர் பத்து மணிக்குத்தான் வந்தது. அதுவரை மாமா யன்னலருகில் இருந்து, "வந்திட்டுதா? போட்டாச்சா?" என்று ஒழுங்கை முழுவதும் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தார். அருளம்மா வேலிக்கு அங்கால் நின்று சிரித்தா. எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நான் உங்களை இன்னும் மன்னிக்கவில்லை. பொய்யாக எழுத வராது. அன்றைக்கு ஓட்டோவுக்குள் நுஹாவின் முகம் இருந்த மாதிரி நினைவு வந்தால், நீங்கள் போனில் சொன்ன அந்த வார்த்தையும் கூடவே வருகிறது. அது எப்போது போகும் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து வேலையையும் பணயம் வைத்திருக்கிறீர்கள். அதுவும் எனக்குத் தெரிகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் உங்களை நினைக்கிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். இந்த ஒழுங்கையில் பதினாறு வீடு. எல்லா வீட்டிலும் பின்னேரம் புகை. இருநூறு யார் தூரம் சுமக்க முடியாத கிழவிகள் நாலு பேர் இருக்கிறார்கள். சில்லு அகலமான ஒரு தள்ளுவண்டி இருந்தால் மணலில் புதையாது. வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறீர்கள்தானே. வந்து ஒரு மாதம் தள்ளிப் பாருங்கள். படம் எடுக்க வேண்டாம்.

மாமாவிடம் நீங்கள் வரலாமா என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பினார். பிறகு தாடையைத் தடவிவிட்டுச் சொன்னார்.

"வந்தா எனக்குச் சவரம் செய்துவிடச் சொல்லு. மற்ற வேலைக்கு நீ இருக்கிறாய்."

பிளேட் இங்கே இருக்கிறது. வாங்கிவர வேண்டாம்.

முஸ்பிரா